குரங்கு நம் தாத்தா அல்ல, பங்காளி!

"குரங்கில் இருந்து மனிதன் வந்தான் என்றால், இப்போது இருக்கிற குரங்கு ஏன் மனிதன் ஆகவில்லை?"

பையன் இப்படிக் கேட்டால், பல வீடுகளில் பதில் கிடைப்பது இல்லை. சிரிப்புதான் கிடைக்கிறது.

பதில் எளிது. குரங்கு நமக்குத் தாத்தா அல்ல, பங்காளி. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு இரண்டு குடும்பத்துக்கும் மூதாதை ஒன்றே. பிறகு கிளைகள் பிரிந்தன. இப்படி உயிர்கள் மெல்ல மெல்ல மாறி வந்ததைத்தான் பரிணாமம் என்கிறோம். சார்லஸ் டார்வின் 1859-ல் இதை நூலாக எழுதினார்.

பாடம் போயிற்று

2023-ல் என்.சி.இ.ஆர்.டி. 10-ம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் இந்தப் பாடம் இல்லாமல் போயிற்று. விஞ்ஞானிகள், ஆசிரியர்கள் என்று 1,800-க்கும் அதிகமானோர் கையெழுத்துப் போட்டுக் கண்டித்தார்கள். 12-ம் வகுப்பில் இருக்கிறதே என்று பதில் வந்தது.

இருக்கிறது. ஆனால் உயிரியல் எடுத்தவர்களுக்கு மட்டும்! 10-ம் வகுப்போடு படிப்பை நிறுத்துகிற பிள்ளை எங்கே போய்ப் படிக்கும்?

தெரிந்து என்ன லாபம்?

உயிர் லாபம்! ஆன்டிபயாடிக் மருந்து கிருமிகளைக் கொல்கிறது. சில கிருமிகள் மட்டும் தப்பி விடும். தப்பியவை பெருகும். அவற்றின் வாரிசுகளிடமும் அந்த மருந்து பலிக்காது. இதுவும் பரிணாமம்தான். பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங் 1945-லேயே இதை எச்சரித்தார்.

சாதாரண சளிக்கு ஆன்டிபயாடிக் உதவாது. ஆனாலும் டாக்டரைக் கேட்காமல் கடையில் வாங்கி விழுங்குகிறோம். இந்தப் பாடம் எல்லா வீட்டுக்கும் வேண்டாமா?

எலும்பு பேசும்

அமெரிக்காவில், பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் தொல்லுயிர்க் காட்சிசாலை, 2004-ல் பள்ளி ஆசிரியர்களுக்காகப் பரிணாமப் பாடங்களைத் தயாரித்து இலவசமாகக் கொடுத்தது.

நம் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் பள்ளிக்கூடத்துக்கு வரட்டும். விலங்கியல் துறை அலமாரிகளைத் திறக்கட்டும். மனிதனின் கை, வௌவாலின் இறக்கை, திமிங்கிலத்தின் துடுப்பு. மூன்றிலும் எலும்பின் அமைப்பு ஒன்றே. மேலே ஒன்று, அடுத்து இரண்டு, பிறகு விரல்கள். பிள்ளைகளே தொட்டு எண்ணட்டும். பத்துப் பக்கம் மனப்பாடம் செய்வதைவிட அது மனதில் நிற்கும்.

"சாமி நம்பிக்கை போய்விடுமே" என்று சிலர் பயப்படுகிறார்கள். கோவிலுக்குப் போகிற பிள்ளையும் எலும்பை எண்ணலாம். உண்மையைப் பார்க்கக் கண்ணை மூட வேண்டியது இல்லை.

பெற்றோர்களே! உங்கள் ஊருக்குப் பக்கத்தில் கல்லூரி இருக்கிறதா? அடுத்த பெற்றோர் கூட்டத்தில் தலைமை ஆசிரியரிடம் சொல்லுங்கள்: "அவர்களை ஒருநாள் நம் பள்ளிக்கூடத்துக்கு அழையுங்கள் ஐயா!"