சட்டசபை மெம்பர் யாருடைய ஆள்?

விழுப்புரத்தில் 2025ஆம் வருஷம் ஜனவரி மாதம் 28ந் தேதி, மறைந்த தோழர் ஏ. கோவிந்தசாமி அவர்கள் பெயரால் ஒரு நினைவு மண்டபத்தை முதல் மந்திரி தோழர் மு. க. ஸ்டாலின் அவர்கள் திறந்து வைத்தார். அது முதற்கொண்டு பனமலை, அனந்தபுரம், செஞ்சி முதலான நமது பக்கத்து ஊர்களில் அவரைப் பற்றி இரண்டே விதமான பேச்சுத்தான் கேட்கிறோம். ஒரு சாரார், "நம்ம ஜாதிக்காரருக்கு மண்டபம் வந்துவிட்டது" என்று மீசையை முறுக்குகிறார்கள். மற்றொரு சாரார், "தி.மு.க.வுக்கு உதயசூரியன் சின்னத்தைக் கொடுத்தவர் அல்லவா" என்று சொல்லி அதோடு நிறுத்திக் கொள்கிறார்கள். ஒரு மனிதன் மூன்று தேர்தலில் ஜெயித்து, ஒரு முறை மந்திரியாகவும் இருந்து, கடைசியில் அவனைப் பற்றிச் சொல்ல நமக்குக் கிடைத்தது அவன் பிறந்த ஜாதியும் ஒரு ஓட்டுப் பெட்டிச் சின்னமும்தானா என்று கேட்கிறோம். அவர் செய்த காரியங்களில் எது பெரிய காரியமோ அதை இந்த இரண்டு கூட்டத்தாரும் சொல்லுவதில்லை. சொன்னால் இருவருக்கும் இடைஞ்சல் என்பதுதான் அதற்குக் காரணம் என்று நமக்குத் தோன்றுகிறது.

அந்தக் காரியம் என்னவென்பதற்கு 1952ஆம் வருஷத்துக்குப் போக வேண்டும். அதற்கு முன்பெல்லாம் ஓட்டு என்பது வரி கட்டுகிறவனுக்கும், சொத்து உள்ளவனுக்கும், படித்தவனுக்கும் மட்டுமே உரிய சொத்தாய் இருந்தது. 1920லும் அப்படி, 1937லும் ஏறக்குறைய அப்படியே. 1952இல்தான் ஏர் பிடித்தவனும், களை எடுத்தவளும், சேரியில் இருந்தவனும், 21 வயது ஆகியிருந்தால் போதும் என்று ஓட்டுச் சாவடிக்குள் நுழைந்தார்கள். தலையை எண்ணும் காலம் வந்தவுடன், எந்த ஜாதிக்குத் தலை அதிகம் என்று எண்ணுகிறவர்களும் வந்துவிட்டார்கள். தென்னாற்காடு ஜில்லாவில் தோழர் எஸ். எஸ். இராமசாமி படையாட்சி அவர்கள் 1951இல் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சியை ஆரம்பித்தார். வடஆற்காட்டிலும் செங்கற்பட்டிலும் தோழர் எம். ஏ. மாணிக்கவேலு நாயகர் அவர்கள் காமன்வீல் கட்சியை நடத்தினார். பெயர் என்னவோ உழைப்பாளர், பொதுநலம் என்பதுதான். ஆனால் இரண்டுமே வன்னியர் சங்கத்தின் மடியில் பிறந்த பிள்ளைகள். சேரியில் இருப்பவன் உழைப்பாளன் அல்லவா என்று அன்றைக்குக் கேட்டவர்களுக்கு என்ன பதில் கிடைத்ததோ நமக்குத் தெரியாது.

375 இடம் கொண்ட சென்னைச் சட்டசபையில் காங்கிரசுக்கு 152 இடம்தான் கிடைத்தது. உழைப்பாளர் கட்சிக்கு 19, காமன்வீல் கட்சிக்கு 6. விக்கிரவாண்டியில் உழைப்பாளர் கட்சியின் பேரால் ஜெயித்தவர்தான் கோவிந்தசாமி. அந்தத் தேர்தலில் தி.மு.க. தானாக நிற்கவில்லை. தன்னுடைய கொள்கைகளுக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அபேட்சகர்களை ஆதரித்தது. இந்த இரண்டு கட்சியாரும் அப்படிக் கையெழுத்துப் போட்டு அந்த ஆதரவையும் பெற்றவர்கள்.

பிறகு நடந்தது என்ன? ஆச்சாரியார் ஒரு தேர்தலிலும் நிற்காமல், ஒரு ஓட்டும் வாங்காமல், மேல்சபைக்கு நியமனம் பெற்று வந்து முதல் மந்திரியானார். அவருக்கு ஆள் குறைந்தது. உடனே மாணிக்கவேலு நாயகர் அவருடைய மந்திரி சபையில் போய் உட்கார்ந்தார். காங்கிரசை எதிர்த்து ஓட்டு வாங்கிய கை மை காய்வதற்குள் காங்கிரஸ் கோப்பில் கையெழுத்துப் போட்டது. இரண்டு வருஷம் கழித்து, 1954 ஏப்ரலில் ஆச்சாரியார் போய்க் காமராசர் வந்தார். அவருடைய எட்டுப் பேர் கொண்ட மந்திரி சபையில் மாணிக்கவேலு நாயகரும் இருந்தார், இராமசாமி படையாட்சியும் சேர்ந்தார். இரண்டு கட்சிகளும் காங்கிரசில் கரைந்தன. கட்சித் தலைவர் மந்திரியாய்ப் போன அந்தச் சமயத்தில், அவரோடு போகாமல் நின்றவர் கோவிந்தசாமி. இதுதான் நாம் சொல்ல வந்த காரியம்.

இந்த இடத்தில் நமது தோழர்களில் சிலர் எழுந்து, "காமராசரைப் பெரியாரே ஆதரித்தாரே, படையாட்சி ஆதரித்தது மட்டும் எப்படிக் குற்றமாகும்?" என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆச்சாரியார் 1953இல் கொண்டு வந்த கல்வித் திட்டம், அதாவது பிள்ளைகள் பாதி நாள் பள்ளிக்கூடம் போய்ப் பாதி நாள் அப்பன் தொழிலைப் பழக வேண்டும் என்ற திட்டம், சூத்திரன் பிள்ளையை மறுபடியும் சூத்திரனாகவே நிறுத்தி வைக்கும் திட்டம். அதை எதிர்த்துப் பெரியார் பெரும் போர் நடத்தினார். காமராசர் வந்த கையோடு அது ஒழிந்தது. அதற்காக அவரை ஆதரித்தார். நாமும் அதைச் சரியென்றே சொல்லுகிறோம். ஆனால் பெரியார் அந்த ஆதரவுக்குக் கூலியாக ஒரு மந்திரி உத்தியோகமோ, ஒரு சட்டசபை ஸ்தானமோ கேட்டாரா? தமது கழகத்தைக் கொண்டு போய்க் காங்கிரசில் கொட்டினாரா? வெளியில் நின்று ஆதரித்தார், தேவைப்பட்ட இடத்தில் அதே சர்க்காரைக் கண்டித்துச் சிறைக்கும் போனார். ஆதரிப்பது வேறு, விற்பது வேறு. ஜனங்கள் காங்கிரசுக்கு எதிராகக் கொடுத்த 19 ஸ்தானங்களை அவர்களைக் கேளாமலே காங்கிரசுக்குக் கைமாற்றிக் கொடுப்பதற்குப் பேர் ஆதரவு அல்ல. படையாட்சி அவர்கள் மந்திரியாயிருந்து நன்மையே செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. ஓட்டுக் கொடுத்தவனைக் கேட்டாரா என்பதுதான் கேள்வி.

இப்போது யோசித்துப் பாருங்கள். படையாட்சியும் கோவிந்தசாமியும் ஒரே ஜாதி, ஒரே ஜில்லா, ஒரே கட்சி. ஒரே தேர்தலில் ஒரே கோஷத்தைச் சொல்லி ஜெயித்தவர்கள். இரண்டே வருஷத்தில் ஒருவர் அந்தப் பக்கம், மற்றவர் இந்தப் பக்கம். ஜாதியைப் பார்த்து ஓட்டுப் போட்டவனுக்கு இதில் எது கிடைத்தது? ஜாதிதான் மனிதனுடைய யோக்கியதையைச் சொல்லும் என்றால் இருவரும் ஒரே பக்கம் அல்லவா போயிருக்க வேண்டும்? ஆகவே ஒரு அபேட்சகர் நாளைக்கு என்ன செய்வார் என்பதை அவருடைய ஜாதி உங்களுக்குச் சொல்லாது. அவருடைய பஞ்சாங்கம் சொல்லாதது போலவேதான்.

ஜாதிப் பெருமை என்பதே இரவல் நகைதான் என்பதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பனமலைக் குன்றின் மேல் பல்லவ ராஜா இராஜசிம்மன் ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன் கட்டின கோயில் இருக்கிறது. படம் எழுதினவனும் கல் செதுக்கினவனும் கைகாரர்கள், அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் அங்கே கல்லில் வெட்டியிருக்கும் சமஸ்கிருத எழுத்து என்ன சொல்லுகிறது? பல்லவர் குலம் பாரதக் கதையில் வரும் அசுவத்தாமன் என்ற பார்ப்பனன் வழியில் வந்ததாகச் சொல்லுகிறது. படையும் யானையும் வைத்திருந்த ராஜாவுக்கே கதையிலிருந்து ஒரு பாட்டனைக் கடன் வாங்க வேண்டியிருந்தது! அதே ரோகம்தான் பின்னால் வந்தவர்களையும் பிடித்தது. உழுது பாடுபடுகிற ஜனங்களை, "நீங்கள் யாகத் தீயில் பிறந்த க்ஷத்திரியர்" என்று சங்கத்தார் சொல்லி, ஜனத்தொகைக் கணக்கிலும் அப்படி எழுத வைத்தார்கள். தீயில் பிறந்த பிள்ளையை எந்த மருத்துவச்சியும் கண்டதில்லை என்பது ஒரு புறம் இருக்கட்டும். க்ஷத்திரியன் என்று சொல்லிக்கொண்ட மாத்திரத்தில், தனக்கு மேலே ஒருவன் உண்டு என்பதையும் ஒப்புக்கொண்டதாக ஆகிறதே, அதை யோசித்தார்களா? ஏணியில் இரண்டாம் படி கேட்பவன், ஏணி வேண்டும் என்றுதானே அர்த்தம்?

"ஜாதிவாரியாக உத்தியோகம் கேட்கிற சுயமரியாதைக்காரர் ஜாதி ஓட்டைக் கண்டிக்கலாமா?" என்று ஒரு கெட்டிக்காரக் கேள்வி உண்டு. கூட்டத்துக்குக் கூட்டம் இதை யாராவது ஒரு சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்புகிறார்கள். வகுப்புரிமை நமது இயக்கத்தின் உயிர்நாடி. 1928இல் தோழர் எஸ். முத்தையா முதலியார் அவர்கள் மந்திரியாயிருந்து வகுப்புவாரி உத்தரவை நடைமுறைக்குக் கொண்டு வந்தார். அது கோர்ட்டில் அடிபட்டபோது நாடு கிளர்ந்து எழுந்ததால்தான் 1951இல் அரசியல் சட்டத்தையே முதன் முதலாகத் திருத்தினார்கள். ஜாதியால் எவன் பள்ளிக்கூடத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டானோ அவனை உள்ளே அழைப்பதற்கு ஜாதியைக் கேட்டாக வேண்டும். வைத்தியன் வியாதியின் பேரைக் கேட்பது போல. ஜாதி ஓட்டு அப்படிப்பட்டதல்ல. அது வியாதியையே அபேட்சகராக நிறுத்தி மாலை போடுவது. 1987 செப்டம்பரில் இந்தப் பக்கத்து ஜனங்கள் ரோட்டில் இறங்கி 21 உயிரைக் கொடுத்துக் கேட்டது வகுப்புரிமை. 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்று நூற்றுக்கு 20 கிடைத்தது. அது இன்றைக்கும் பல ஜாதிப் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறது. 2021இல் நடந்தது வேறு. பிப்ரவரி 26ந் தேதி சட்டசபையில் 10.5 சதவிகித உள் ஒதுக்கீட்டு மசோதா நிறைவேறிற்று. அதே நாளில் தேர்தல் தேதியும் அறிவிக்கப்பட்டது. சரியான கணக்கெடுப்பு இல்லாமல் அவசரத்தில் செய்த சட்டம் 2022 மார்ச் 31இல் சுப்ரீம் கோர்ட்டில் தள்ளுபடியாயிற்று. முன்னது உரிமை, பின்னது தேர்தல் சாமான்.

நிற்க. கோவிந்தசாமியை "நம்மவர்" என்று கட்டிக்கொள்ள நாம் இதை எழுதவில்லை. 1957இல் வளவனூரில் அவர் சுயேச்சையாக நின்று தி.மு.க. பக்கத்தில் ஜெயித்தது, பெரியார் ஆதரித்த காங்கிரசை எதிர்த்து. அந்த வருஷம் சட்டசபைக்குள் நுழைந்த 15 பேரில் அண்ணாதுரை, கருணாநிதி ஆகியவர்களோடு இவரும் ஒருவர். அடுத்த வருஷம் தி.மு.க.வுக்கு அங்கீகாரமும் உதயசூரியனும் கிடைத்தன. 1967லும் அப்படியே, முகையூரில் அவர் ஜெயித்த தேர்தலில் பெரியார் எதிர்ப்பக்கம். ஜெயித்த பின் அண்ணா திருச்சிக்குப் போய்ப் பெரியாரைப் பார்த்ததும், ஒன்பது பேர் மந்திரி சபையில் கோவிந்தசாமி விவசாய மந்திரியானதும் நமது வாசகர்கள் அறிந்ததே. 1952இல் அவர் உட்கார்ந்திருந்த எதிர்க்கட்சி வரிசையிலிருந்து மந்திரி நாற்காலிக்கு வர அவருக்கு 15 வருஷம் ஆயிற்று. அவர் தலைவருக்கு இரண்டே வருஷம் ஆயிற்று. இந்த 13 வருஷ வித்தியாசம்தான் நமது பார்வையில் அவருடைய சொத்து.

அந்த மந்திரி சபையையும் நாம் தராசில் போடாமல் விட மாட்டோம். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றார்கள். ரூபாய்க்கு ஒரு படியைச் சென்னையிலும் கோயமுத்தூரிலும் போட்டுப் பார்த்தார்கள், நாடு முழுதும் போட முடியவில்லை. பனமலைக்காரன் அந்தப் படியைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அதே மந்திரி சபை செய்த இன்னொரு காரியத்தை இந்தப் பத்திரிகை படிப்பவர்களில் அநேகர் தங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். புரோகிதன் இல்லாமல், ஓமத் தீ இல்லாமல், மாலை மாற்றிச் செய்து கொண்ட சுயமரியாதைக் கலியாணங்கள் செல்லாதவை என்று ஐகோர்ட்டு முன்பே சொல்லியிருந்தது. அப்படிச் செய்து கொண்டவர்கள் பெற்ற பிள்ளைகளுக்குச் சொத்துரிமை என்ன ஆகும் என்று குடும்பங்கள் தவித்தன. 1967இல் சட்டசபையில் சட்டம் நிறைவேறி 1968இல் அமுலுக்கு வந்து, அதற்கு முன் நடந்த கலியாணங்களையும் சேர்த்துச் செல்லும்படி ஆக்கிற்று. தீயில் பிறந்த குலம் என்று சங்கம் சொன்ன ஜாதியில் பிறந்தவர், தீ வளர்க்காத கலியாணத்தைச் சட்டமாக்கிய மந்திரி சபையில் இருந்தார். மண்டபத்துக்குப் போகிறவர்கள் இதையும் நினைத்துக்கொண்டு போகலாம்.

மண்டபம் என்றதும் மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். இராமசாமி படையாட்சி அவர்களுக்கு அ.தி.மு.க. சர்க்கார் 2019இல் சட்டசபையில் படம் திறந்து கடலூரில் மண்டபமும் கட்டிற்று. கோவிந்தசாமிக்கும், 1987இல் மாண்ட 21 பேருக்கும் தி.மு.க. சர்க்கார் விழுப்புரத்தில் மண்டபம் கட்டிற்று. எதிரும் புதிருமாய்ப் பிரிந்து போன இரண்டு பேருடைய பேரைச் சொல்லி, ஒரே தெருவில் ஒரே ஜாதி ஓட்டை இரண்டு கட்சியும் கேட்கின்றன! போனவரும் நின்றவரும் ஒரே விலைக்கு விற்கப்படுவதானால், போகாமல் நின்றதற்கு என்ன மதிப்பு? இதே விழுப்புரத்தில் 1978 ஜூலையில் சேரி மக்கள் 12 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்கள் பேரைச் சொல்லி ஓட்டுக் கேட்க நமது ஊர்த் தெருவுக்குள் எத்தனை அபேட்சகர் வந்தார்கள் என்று வாசகர்களே எண்ணிச் சொல்லட்டும். எண்ணிக்கை அதிகமில்லாத இடத்தில் அனுதாபமும் அதிகமில்லை போலும்.

1969இல் கோவிந்தசாமி மறைந்தார். அவருக்குப் பின் அவருடைய துணைவியார் பத்மாவதி அம்மையார் அதே முகையூரில் மெம்பரானார். பின்னாளில் மகன் சம்பத்தும் அங்கேயே மெம்பரானார். பெண் ஒருவர் சட்டசபைக்குப் போனதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் புருஷன் ஸ்தானம் மனைவிக்கு, அப்பன் ஸ்தானம் பிள்ளைக்கு என்று போவதை நிலத்துப் பட்டா மாற்றுவது போல் ஜனங்கள் சாதாரணமாக எடுத்துக்கொண்டதில் நமக்கு மகிழ்ச்சியில்லை. பரம்பரை அர்ச்சகன் கூடாது என்று பேசுகிற நாடு இது. பரம்பரை மெம்பர் மட்டும் எப்படிக் கூடும்? இப்போது முகையூர் என்ற தொகுதியே இல்லை. தொகுதி எல்லைகளைத் திருத்தியமைத்தபோது அது மறைந்து போய், அதன் கிராமங்கள் பக்கத்துத் தொகுதிகளுக்குப் பங்காகிவிட்டன. கோவிந்தசாமி முதன் முதல் ஜெயித்த விக்கிரவாண்டியில் 2024 ஜூலையில் உபதேர்தல் நடந்தது. நூற்றுக்கு 82 பேருக்கு மேல் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். இவ்வளவு ஆசையோடு ஓட்டுப் போடுகிறவர்கள், போட்ட ஓட்டைக் கொண்டு மெம்பர் சட்டசபையில் என்ன பேசினார், எந்த மசோதாவுக்குக் கை தூக்கினார் என்று அடுத்த முறை அவர் தெருவுக்கு வரும்போது கேட்கட்டும். சட்டசபை நடவடிக்கைகள் அச்சில் வருகின்றன. படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இப்போது எந்த ஊரிலும் உண்டு.