சீரகத் தண்ணீர்... எது வரைக்கும்?

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கல்யாணம். பந்தியில் ஒரு பிடி பிடித்துவிட்டுக் கோவை திரும்பினால், ராத்திரி வயிறு 'திம்'மென்று உப்பிக்கொண்டு நிற்கிறது. உடனே மருந்துக் கடைக்கு ஆள் அனுப்புகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். அஞ்சறைப் பெட்டியைத் திறங்கள். சீரகம் இருக்குமே!

நம்ம கொங்கு வீடுகளில் அரிசிம்பருப்பு சாதத்தைச் சீரகம் தாளிக்காமல் இறக்குகிறோமா? 'பருப்பு வாயு, சீரகம் போடு' என்பது எங்க அமுச்சியின் கணக்கு. சீரகத்தின் மணத்துக்குக் காரணமான எண்ணெய், உமிழ்நீரையும் செரிமான நீர்களையும் தூண்டக்கூடியது.

ஒரு டீஸ்பூன் சீரகத்தை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுங்கள். இரண்டு டம்ளர் தண்ணீர் விட்டு, ஒன்றரை டம்ளராகச் சுண்டியதும் வடிகட்டி, வெதுவெதுப்பாகக் குடியுங்கள். சாப்பாட்டு மந்தத்துக்கு இது போதும்.

ஆனால், எல்லா வலிக்கும் இதுவே போதும் என்று நினைப்பதுதான் தப்பு.

எங்கள் உறவில் ஒரு பெரியவர். விடியற்காலையில் நெஞ்சை அடைக்கிறது, வேர்த்துக் கொட்டுகிறது. "ஒண்ணுமில்ல புள்ள, கேஸுதான். சீரகத் தண்ணி வெச்சுக் குடு" என்றார். இரண்டு டம்ளர் உள்ளே போனது. இரண்டு மணி நேரமும் போனது. மகள் வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோதுதான் தெரிந்தது, மாரடைப்பு! பிழைத்துக்கொண்டார். ஆனால் இன்றைக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. தப்பு சீரகத்தின் மேல் இல்லை. 'கேஸுதான்' என்று நாமே முடிவு கட்டியதில்தான்.

நெஞ்சில் அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி... இவை இருந்தால் அடுப்பைப் பற்ற வைக்காதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். பெண்களுக்கு மேல்வயிற்றுக் கனமாகவும், காரணமில்லாத அசதியாகவும்கூட மாரடைப்பு வரலாம். வீட்டில் எல்லாரையும் கவனித்துவிட்டுத் தன் வலியை மட்டும் மறைக்கும் அம்மாக்களே, இது உங்களுக்குத்தான்!

மலம் கறுப்பாகப் போவது, விழுங்கச் சிரமம், காரணமின்றி எடை குறைவது, வாரக்கணக்கில் நெஞ்செரிச்சல்... எல்லாமே டாக்டரைப் பார்க்க வேண்டிய அடையாளங்கள். ஆறு மாதம் முடியாத குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே. சீரகத் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

அஞ்சறைப் பெட்டி நம் வீட்டு முதலுதவிப் பெட்டி. அதையே ஆஸ்பத்திரி ஆக்கிவிடாதீர்கள்!