திங்கட்கிழமை புத்தகத்தைத் திறக்காதீர்கள்

ஆசிரியத் தோழர்களே,

நாளை மறுநாள் திங்கட்கிழமை, 2021 நவம்பர் 1. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் திறக்கின்றன. போன ஆண்டு மார்ச்சில் கொரோனாவுக்காகப் பூட்டிய அறைகள் இவை. அன்று ஒன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்த பிள்ளை இப்போது மூன்றாம் வகுப்பு வாசலில் வந்து நிற்கும். அதற்கடுத்துச் சேர்ந்த பிள்ளையின் பெயர் இரண்டாம் வகுப்புப் பதிவேட்டில் இருக்கிறது. கழிப்பறை எந்தப் பக்கம் என்றுகூட அதற்குத் தெரியாது. ஐந்தாம் வகுப்பில் நாம் வீட்டுக்கு அனுப்பிய சிறுமி ஏழாம் வகுப்பில் உட்காரப் போகிறாள். இடையில் அவள் வயதுக்கு வந்திருப்பாள், வீட்டில் ஒரு சாவு விழுந்திருக்கும், அப்பாவுக்கு வேலை போய்க் கடன் ஏறியிருக்கும். இதில் எதுவும் நமக்குத் தெரியாது. நாம் வாட்ஸ்அப் குழுவில் வீட்டுப்பாடம் போட்டுக்கொண்டிருந்தோம்.

நெற்றியில் காட்டும் வெப்பமானி வந்துவிட்டது. கிருமிநாசினி வந்துவிட்டது. முகக்கவசம் பற்றியும், ஒரு வகுப்பில் எத்தனை பேரை உட்காரவைப்பது என்பது பற்றியும் சுற்றறிக்கை வந்துவிட்டது. எல்லாம் வேண்டியவைதான், ஒன்றையும் விட்டுவிடாதீர்கள். ஆனால் “என்னடா ஆச்சு உனக்கு?” என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதற்கு ஆள் வரவில்லை. இப்போதைக்கு அந்த ஆள் நாம்தான். அதனால் கேட்கிறேன்: முதல் இரண்டு வாரம் பாடப்புத்தகம் மூடியே இருக்கட்டும். அடைவுத் தேர்வு வேண்டாம். “இதுகூடவா மறந்துபோச்சு?” என்ற கேள்வி நம் வாயிலிருந்து வரவே வேண்டாம்.

செப்டம்பர் 1 முதல் ஒன்பது தொடங்கிப் பன்னிரண்டு வரை வகுப்பெடுத்துவரும் தோழர்களிடம் பேசிப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றையேதான் சொல்கிறார்கள். பிள்ளைகள் சத்தம் போடுவதில்லை. ஆசிரியர் இல்லாத வகுப்பில்கூடச் சத்தமில்லை என்றால் எந்த வாத்தியாருக்குத்தான் பயம் வராது? பதினொரு மணிக்கெல்லாம் தலை மேசையில் சாய்ந்துவிடுகிறது. விடிய விடிய ஃப்ரீ ஃபயர் ஆடிய கண்ணாக இருக்கலாம், இரவு ஷிப்டில் தறி ஓட்டிய கண்ணாகவும் இருக்கலாம். காலை வழிபாட்டு நேரத்தில் தினமும் ஒரே பையன் வயிற்றுவலி என்று வந்து நிற்கிறான். அரைப் பக்கம் எழுதுவதற்குள் கை வலிக்கிறது என்கிறார்கள். இதையெல்லாம் ஒழுங்கீனம் என்று குறித்துவைத்து, “அப்பாவைக் கூட்டிட்டு வா” என்று அனுப்பியவர்கள் உண்டு. கூட்டிவர அப்பா இல்லை என்பது பிறகுதான் தெரிந்திருக்கிறது.

இந்தச் செப்டம்பரில் பொருளியலாளர்கள் ஜீன் டிரேஸ், ரீத்திகா கேரா உள்ளிட்டோர் ஒருங்கிணைத்த ஆய்வறிக்கை ஒன்று வெளியானது. தமிழ்நாடு உட்பட 15 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும், ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த சுமார் 1,400 பிள்ளைகளை நேரில் பார்த்துக் கேட்டிருக்கிறார்கள். கிராமப்புறத்தில் இணையவழியில் ஒழுங்காகப் படித்தவர்கள் 8 சதவீதம். படிப்பே இல்லாமல் கிடந்தவர்கள் 37 சதவீதம். ஏறக்குறைய பாதிப் பேரால் சில சொற்களுக்கு மேல் வாசிக்க முடியவில்லை. கல்வித் தொலைக்காட்சி ஓடிக்கொண்டுதான் இருந்தது. டிவியிடம் யார் சந்தேகம் கேட்பது?

இந்த எண்களைப் பார்த்ததும் திங்கட்கிழமையே பாடத்தை விரட்டத் தோன்றும். தலைமையாசிரியர் கேட்பார், வட்டாரக் கல்வி அலுவலர் கேட்பார், பெற்றோரும் கேட்பார்கள். பயந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு எழுத்து ஏறாது என்பதை வேலையில் சேர்ந்த நாள் முதல் கண்ணால் பார்த்து வருகிறவர்கள் நாம். காய்ச்சலில் கிடந்து எழுந்தவனுக்கு முதல் வேளையே யாரும் கறிச்சோறு போடுவதில்லை, கஞ்சிதான் வைப்பார்கள். கேட்கிறவர்களிடம் அதைத் தைரியமாகச் சொல்லுங்கள். சங்கம் உங்கள் பின்னால் நிற்கும்.

பிறகு என்ன செய்வது? வேப்பமரத்தடியில் இடைவெளி விட்டு உட்காரவையுங்கள். பெயரைக் கேளுங்கள், வீட்டில் கூப்பிடும் பெயரையும் கேளுங்கள். பாண்டி ஆடட்டும், கதை சொல்லட்டும், வரையட்டும். வீட்டை வரையச் சொன்னால் சில பிள்ளைகள் ஒருவரை மட்டும் வரையாமல் விடுவார்கள். கவனியுங்கள், ஆனால் அங்கேயே தோண்டிக் கேட்காதீர்கள். நாம் துப்பறிய வரவில்லை. ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டாகப் படும். அவர்களிடம், இந்த ஒன்றரை வருஷத்தில் புதிதாகக் கற்றுக்கொண்ட வேலை என்ன என்று கேளுங்கள். வலை பின்னத் தெரிந்தவன் இருப்பான். பரோட்டாவுக்கு மாவு வீசத் தெரிந்தவன் இருப்பான். கைக்குழந்தையாக இருந்த தம்பியை நடக்கும்வரை வளர்த்த அக்கா இருப்பாள். கணக்கு, அளவு, காசு எல்லாம் அதற்குள் கிடக்கிறது. கணக்குப் பாடத்தை அங்கிருந்தே பிறகு தொடங்கலாம்.

ஒரு பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். “அப்பா இல்லாதவங்க எல்லாம் எழுந்திருங்க.” கொரோனாவில் தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைக்கு 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை, ஒருவரை இழந்திருந்தால் 3 லட்சம் என்று மே மாதம் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அந்த உதவி போய்ச் சேர வேண்டும். நம் பகுதியில் விடுபட்ட குடும்பம் எது என்று கண்டுபிடித்து விண்ணப்பிக்க வைக்க நம்மைவிடத் தகுந்தவர்கள் இல்லை. அதற்காக நாற்பது கண்கள் பார்க்க ஒரு பிள்ளையை எழுப்பி நிறுத்தி எண்ணக் கூடாது. வீட்டுக்குப் போங்கள், பாட்டியிடம் கேளுங்கள். ஃபோன் இல்லாதவர்கள் யார், தனியார் பள்ளியில் ஃபீஸ் கட்ட முடியாமல் இங்கே வந்தவர்கள் யார் என்று கைதூக்கச் சொல்வதும் இதே ரகம்தான். இந்த ஆண்டு லட்சக்கணக்கில் பிள்ளைகள் தனியாரிலிருந்து நம்மிடம் வந்திருக்கிறார்கள். டி.சி. தாமதமாகிறது என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. சட்டையும் டையும் மாறியதையே அவமானமாக நினைக்கிற பிள்ளையிடம் அதைப் பேச்சாக எடுக்காதீர்கள்.

இனி வராத பிள்ளைகள். இதுதான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. வியாழக்கிழமை தீபாவளி. பிள்ளைகளை வந்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசும் சொல்லியிருக்கிறது. எனவே யாரைக் கேட்டாலும் “தீபாவளி கழிச்சு வருவான் சார்” என்பார்கள். அதை அப்படியே எழுதிக்கொண்டு வராதீர்கள். தீபாவளி கழிந்தும் வராதவனை எங்கே தேடுவது என்று நம் ஒவ்வொருவருக்கும் தெரியும். திருப்பூரில் பனியன் கம்பெனி, பள்ளிபாளையத்தில் விசைத்தறி, திருவள்ளூர்ப் பக்கம் செங்கல் சூளை, திண்டுக்கல் பக்கம் நூற்பாலை விடுதி, மற்ற ஊர்களில் ஜவுளிக்கடை, மெக்கானிக் பட்டறை, கேட்டரிங். பதினான்கு வயதுக்குக் கீழே வேலைக்கு வைப்பது குற்றம் என்பதை முதலாளிக்கு எடுத்துச் சொல்லுங்கள். பையனிடம் சட்டம் பேசாதீர்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கி அம்மா கையில் கொடுத்தவன் அவன். அவன் பணத்தில் அடுப்பு எரிந்திருக்கிறது. அந்த மரியாதையோடு பேசினால் திரும்பி வருவான். குற்றவாளியைப் போல விசாரித்தால் ஒரே நாளில் காணாமல் போய்விடுவான்.

பெண் பிள்ளை என்றால் தேடலைத் தள்ளிப்போடவே கூடாது. ஊரடங்கில் மண்டபச் செலவில்லாமல், ஊரைக் கூட்டாமல் முடித்த கல்யாணங்களில் எத்தனை நம் மாணவிகளுடையவை? தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் தோழர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பேச்சு நடக்கிறது என்று தோழிப் பெண் காதோடு சொன்னாலே போதும், குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிடுங்கள். முடிந்துவிட்ட கல்யாணம் என்றாலும் அவள் வகுப்பில் அவள் இடம் இருக்கிறது என்று வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள்.

கேட்கத் தொடங்கினால் பிள்ளைகள் சொல்லத் தொடங்குவார்கள், அதற்கும் தயாராக இருக்க வேண்டும். “யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல டீச்சர்?” என்று கேட்கும்போது வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். “உன்னைக் காப்பாத்த யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட மட்டும் சொல்வேன்” என்று சொல்லுங்கள். பாலியல் துன்புறுத்தல் என்றால் போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் நமக்கே தண்டனை உண்டு. பள்ளியின் பெயர் கெடும் என்று சமாதானம் பேசுகிற தலைமையாசிரியராக இருந்தாலும், நம் சங்கத்துக்காரராகவே இருந்தாலும் விடக் கூடாது. மே மாதம் சென்னைப் பள்ளிகளின் மாணவிகளும் முன்னாள் மாணவிகளும் சமூக ஊடகத்தில் ஆசிரியர்கள் மீது அடுக்கடுக்காகப் புகார் சொன்னார்களே, அத்தனை ஆண்டுகள் பொறுத்திருந்து பள்ளிக்கு வெளியே போய் ஏன் சொன்னார்கள் என்று நம் கூட்டம் எதிலாவது பேசினோமா? சாக வேண்டும்போல இருக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் திட்டாதீர்கள், அறிவுரை சொல்லாதீர்கள், தனியே விடாதீர்கள். அன்றைக்கே வீட்டாரிடம் பேசுங்கள். மருத்துவ உதவி எண் 104க்குக் கூப்பிட்டால் ஆலோசனை கிடைக்கும். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எந்த நாளில் எந்த அரசு மருத்துவமனைக்கு வருகிறார் என்று இன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆபத்து வீட்டுக்குள்ளேயே இருந்தால் 1098.

“நாங்கள் என்ன மனநல மருத்துவரா?” என்று தோழர்கள் கேட்பது நியாயம். இல்லைதான். காது கொடுத்துக் கேட்பதும், உரியவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் மட்டுமே நம் வேலை. குணப்படுத்த முயல்வது ஆபத்து. உரியவர் எங்கே என்பதுதான் அரசிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி. 37 ஆயிரத்துக்கும் மேல் அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. நடமாடும் உளவியல் ஆலோசனை மையம் என்று வண்டிகள் ஓடுகின்றன, ஒரு வண்டிக்குப் பல மாவட்டங்கள். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு முழுநேர ஆலோசகர் வேண்டும், நிரந்தரப் பணியிடத்தில் வேண்டும். ஆறு மாத ஒப்பந்தத்தில் ஒருவரைப் போட்டு அனுப்பிவிடக் கூடாது. ஒரு பிள்ளை நம்பி வாய்திறக்கவே ஆறு மாதம் ஆகும்.

நேரம் எங்கே என்பதற்கும் பதில் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆவது பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர்த்து மற்ற வேலைகளுக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. பள்ளி விவரங்களை ஏற்றும் எமிஸ் செயலியில் ஒரே விவரத்தை மூன்று முறை ஏற்றச் சொன்னால் மறுத்து எழுதிக் கொடுங்கள். மிச்சமாகும் அரைமணியைப் பிள்ளைக்குக் கொடுங்கள். தன்னார்வலர்கள் குடியிருப்புக்கே வந்து பாடம் சொல்லிக்கொடுக்கும் ‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டத்தை இந்த மாதம் 27ஆம் தேதி மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் தொடங்கிவைத்திருக்கிறார். அதைப் பற்றி நமக்குள் இருக்கும் கருத்து வேறுபாட்டை மாநிலக் குழுவில் பேசிக்கொள்ளலாம். தன்னார்வலராக வரும் அந்தத் தெருப் பெண்ணுக்கு எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று நம்மைவிட நன்றாகத் தெரியும், அவளோடு பேசுங்கள்.

நம்மில் பலர் ஏப்ரல் தேர்தல் பணி முடித்த கையோடு இரண்டாம் அலையில் சிக்கியவர்கள். வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்துவிட்டு, சரியாக அழக்கூட நேரமில்லாமல் திங்கட்கிழமை சாக்பீஸ் எடுக்கப்போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதல் வாரம் வகுப்பைக் குறைத்துக் கொடுங்கள். ஆசிரியர் அறையில் யாராவது ஒருவர் அவர்களுக்கும் காது கொடுங்கள்.

நாளை ஞாயிறு. ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு மணி நேரம் கூடுங்கள். வகுப்புவாரியாகப் பெயர்களைப் பிரித்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு பிள்ளைக்கும் பொறுப்பாக ஓர் ஆசிரியர் இருக்கட்டும். 1098, 104, கல்வி உதவி எண் 14417 மூன்றையும் சுவரில் பிள்ளையின் கண் உயரத்துக்குப் பெரிதாக எழுதுங்கள். நவம்பர் 15க்குள் வராத பிள்ளைகளின் பட்டியலும், போய்ப் பார்த்த வீடுகளின் விவரமும் வட்டாரக் கிளைக்கு வந்துசேர வேண்டும். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஆலோசகர் பணியிடம் கேட்டு முதன்மைக் கல்வி அலுவலரைப் பார்க்கப் போகிறோம். பட்டியல் வராத கிளைக்கு நானே பஸ் ஏறி வந்து கேட்பேன்.