ஊராட்சித் தேர்தல் மீது சுமத்தப்படும் பழி

ஊராட்சி மன்றத் தேர்தல் திரும்பினால் இனக்கலவரம் வெடிக்கும் என்ற பேச்சு நம் நாட்டில் ஓய்வதே இல்லை. 2015இல் பாஸ் கட்சித் தலைவர் ஹாடி அவாங் 1969 மே 13 கலவரத்தை நினைவூட்டி எச்சரித்தார். 2018இல் பிரதமர் மகாதீரும் இனப் பூசலைக் காரணம் காட்டி மறுத்தார். நம்மவர்களிலும் பலர் இதை அப்படியே நம்புகிறார்கள்.

தேதிகளைப் பாருங்கள். இந்தத் தேர்தல்கள் 1965 மார்ச்சில் நிறுத்தப்பட்டன. அன்று சொன்ன காரணம் இந்தோனேசியாவுடனான மோதல். 1966இல் மோதல் முடிந்தது, தேர்தல் திரும்பவில்லை. மே 13 கலவரம் மூண்டது 1969 பொதுத்தேர்தலை அடுத்து. அந்தப் பொதுத்தேர்தலை இன்றும் நடத்துகிறோம். நான்காண்டுகளாக நடக்காமலே கிடந்த தேர்தல் மீது பழி போடுகிறோம். இது என்ன நியாயம்?

இந்தத் தேர்தல் இனங்களைப் பிரிக்கும் என்பார்கள். 1952 கோலாலம்பூர் நகராட்சித் தேர்தலில்தான் அம்னோவும் ம.சீ.ச.வும் முதன்முதலாகக் கைகோத்து, 12 இடங்களில் 9ஐ வென்றன. இந்த நாட்டின் கூட்டணி அரசியலே அங்கே பிறந்தது. சீனர் பெரும்பான்மையாக வாழ்ந்த ஜார்ஜ் டவுனுக்கு 1957இல் வாய்த்த முதல் மேயர் டி.எஸ். இராமநாதன் என்ற இந்தியர். நகரங்கள் ஒரே இனத்தின் கைக்குப் போய்விடும் என்ற அச்சமும் காலாவதியானது. இன்று கோலாலம்பூரில் பூமிபுத்ராக்களே பெரிய பிரிவினர்.

எம்.பி. இருக்கிறாரே, போதாதா என்பது இன்னொரு வாதம். கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் தீபாவளிச் சந்தை நடத்த ஒரு கடைக்காரருக்கு என்ன வேண்டும்? கடை போட ஓர் இடம், லைசன்ஸ், அள்ளப்படும் குப்பை, அடைக்காத சாக்கடை. இதையெல்லாம் நாடாளுமன்றம் முடிவு செய்வதில்லை, மாநகர் மன்றம் முடிவு செய்கிறது. அதன் கவுன்சிலர்களை நியமிப்பது மாநில அரசு. குறை சொல்லப் போகும் கடைக்காரர் தம் ஓட்டால் அவர்களை அசைக்க முடியாது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்காரர் நிலை இன்னும் மோசம். மேயரும் நியமனம், 1974இல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமானதால் சட்டமன்ற ஓட்டும் போயிற்று. அவருக்கு மிஞ்சியது ஒரே ஓட்டு, எம்.பி.க்கு மட்டும்.

இதில் எனக்கு மிகவும் வலிப்பது வேறொன்று. ஊராட்சி மன்றங்களின் செயல்பாட்டை ஆராய அரசே ஓர் ஆணையம் அமைத்தது. தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன், நம் தமிழர். ஊராட்சி மன்றங்களுக்கு மக்களே உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அந்த ஆணையம் பரிந்துரைத்தது. அரசு அதை ஒதுக்கிவிட்டு, 1976 ஊராட்சிச் சட்டத்தால் தேர்தலுக்கே முடிவு கட்டியது.

அது சாதாரணச் சட்டம். திருத்த மூன்றில் இரண்டு பங்கு தேவையில்லை, எளிய பெரும்பான்மை போதும். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வரும் வேட்பாளரிடம், தேர்தலை ஒழித்த அச்சட்டத்தின் 15ஆம் பிரிவைத் திருத்த வாக்களிப்பாரா என்று நேராகக் கேளுங்கள்.