சுற்றிப் பார்ப்பது வேறு, உள்ளே நடப்பது வேறு

ஒரு பொருளுக்கு வைக்கும் பெயரே அதன் விலையில் பாதியைத் தீர்மானிக்கிறது. இதனை இரத்தினக்கல் வியாபாரம் தெரிந்த நம்மவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. சிவப்பு ஸ்பினல் பார்வைக்கு மாணிக்கம் போலவே இருக்கும். பிரித்தானிய முடியில் பதிக்கப்பட்டு 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' என்று பெயர்பெற்ற கல்லே உண்மையில் ஸ்பினல்தான். ஸ்பினல் போலிக் கல் அல்ல. நல்ல விலை போகும் அசல் கல். ஆனால் மாணிக்கம் என்று சொல்லி அதை விற்பது முறையான வியாபாரம் ஆகாது. 360 பாகை வீடியோவை 'வேர்ச்சுவல் ரியாலிட்டி' என்று விற்பதும் இதே வகைதான்.

ஹோட்டல் நடத்துவோர், தொடர்மாடி வீடு விற்போர், பிரயாண முகவர்கள், காட்சியறை வைத்திருப்போர் ஆகியோரிடம் 'உங்கள் இடத்தை வீ.ஆர். செய்து தருகிறோம்' என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் உண்டு. அவர்கள் தரப்போவது எது என்று தெரியாமல் முற்பணம் கொடுப்பது நல்லதல்ல.

வித்தியாசம் மிக எளிமையானது. 360 பாகை வீடியோவில், பல வில்லைகள் கொண்ட கமரா ஒன்று தான் நின்ற இடத்திலிருந்து நாற்புறத்தையும் பதிவு செய்கிறது. அந்தப் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டு ஓர் உருண்டையாகின்றன. பார்ப்பவர் அந்த உருண்டையின் நடுவில் நிற்கிறார். தலையைத் திருப்பலாம், மேலே கீழே பார்க்கலாம். ஆனால் ஓரடி முன்னால் வைத்தால் எதிரே உள்ள கதவு கிட்ட வராது. குனிந்தால் மேசையின் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது. கமரா காணாததை வீடியோ காட்டாது. உண்மையான வீ.ஆரிலோ, தலை எங்கே போகிறது என்பதைக் கருவி கணத்துக்குக் கணம் அளந்து, காட்சியை ஒவ்வொரு கண்ணுக்கும் புதிதாக வரைகிறது. அங்கே நடக்கலாம், குனியலாம், கதவைத் திறக்கலாம்.

இவை இரண்டும் பிறந்த வழியும் வேறு. ரொபர்ட் பார்க்கர் என்ற ஓவியர், சுற்றிவர முழுக்காட்சியையும் வரைந்து காட்டும் முறைக்கு 1787இல் காப்புரிமை பெற்றார். 1793இல் இலண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் அதற்கென்றே ஒரு வட்டக் கட்டடம் திறக்கப்பட்டது. மக்கள் காசு கொடுத்து நடுவில் நின்று சுற்றிப் பார்த்தார்கள். 360 பாகை வீடியோ இந்தப் பனோரமாவின் பேரப்பிள்ளை. வீ.ஆரின் மூதாதை, 1968இல் அமெரிக்காவின் ஐவன் சதர்லாண்ட் அமைத்த கருவி. கூரையோடு பொருத்திய ஓர் இயந்திரக் கை, அணிந்தவரின் தலை அசைவை அளந்தது. அதற்கேற்பக் கணினி படத்தை மாற்றி வரைந்தது.

பெயர்கள் கலந்துபோனது அண்மைக் காலத்திலேதான். 2014இல் கூகுள் 'கார்ட்போர்ட்' என்ற அட்டைப் பெட்டியை அறிமுகம் செய்தது. அதற்குள் கையடக்கத் தொலைபேசியை வைத்துப் பார்க்கலாம். 2015இல் யூடியூப்பும் பேஸ்புக்கும் 360 பாகை வீடியோவுக்கு இடம் கொடுத்தன. அதே ஆண்டு நவம்பரில் 'நியூயோர்க் டைம்ஸ்' பத்திரிகை தனது சந்தாதாரர்களுக்குப் பத்து இலட்சத்துக்கும் அதிகமான அட்டைப் பெட்டிகளை அனுப்பியது. எல்லாம் வீ.ஆர். என்ற பெயரிலேயே நடந்தன.

மறுபக்கத்தாரின் வாதத்தையும் கேட்க வேண்டும். ஜோர்தானின் ஸாதரி அகதி முகாமில் வாழ்ந்த 12 வயதுச் சிரியச் சிறுமியைப் பற்றி ஐக்கிய நாடுகள் சபைக்காக எடுக்கப்பட்ட 'கிளவுட்ஸ் ஓவர் சித்ரா' என்ற 360 பாகைப் படம் 2015 ஜனவரியில் டாவோஸ் மாநாட்டில் காட்டப்பட்டது. அந்தச் சிறுமியின் பக்கத்தில் அமர்ந்திருப்பது போன்ற உணர்வை அது தருகிறது, அந்த உணர்வு போதாதா என்று கேட்கிறார்கள். உணர்வு உண்மைதான். ஆனால் மனதை உருக்கும் படம் சாதாரணத் திரையிலும் உருக்கும். அது படம் எடுத்தவரின் திறமை. கருவி எந்த வகை என்பதற்கு அதை அளவுகோலாகக் கொள்ள முடியாது.

சந்தையும் தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டது. நோக்கியா நிறுவனம் 2015இல் 'ஓஸோ' என்ற 360 பாகைக் கமராவை 60,000 டொலருக்கு விலை பேசியது. 2016இல் விலையை 45,000 டொலராகக் குறைத்தது. 2017இல் வீ.ஆர். சந்தை எதிர்பார்த்த வேகத்தில் வளரவில்லை என்று கூறித் தயாரிப்பையே நிறுத்தியது. தலையைத் திருப்ப மட்டும் இடம்தந்த 'ஒக்குலஸ் கோ' 2018இல் வந்தது. 2020இல் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. அதே நிறுவனம் 2019இல் வெளியிட்ட, உள்ளே நடக்கக்கூடிய 'குவெஸ்ட்' வரிசையோ தொடர்ந்தது. கார்ட்போர்ட் விற்பனையைக் கூகுள் 2021இல் கைவிட்டது. ஒருமுறை அட்டைப் பெட்டியில் பார்த்துத் தலைசுற்றியவர் 'வீ.ஆர். என்றால் இவ்வளவுதான்' என்று ஒதுங்கிவிட்டால், நல்ல சரக்குக்கும் சேர்த்தே கெட்ட பெயர் வந்துவிடுகிறது.

அதற்காக 360 பாகை வீடியோ வீண் என்று நான் சொல்லவில்லை. ஹோட்டல் அறையையோ திருமண மண்டபத்தையோ காட்டுவதற்கு அதுவே தாராளம். வாடிக்கையாளர் தனிக் கருவி வாங்காமல் கையடக்கத் தொலைபேசியிலேயே பார்த்துவிடுவார். பல இடங்களில் வீடியோகூடத் தேவையில்லை, 360 பாகைப் புகைப்படமே போதும். ஆனால் இன்னும் கட்டி முடிக்காத வீட்டுக்குள் வாடிக்கையாளரை நடக்கவிட வேண்டுமானால் உண்மையான வீ.ஆர். வேண்டும். அதற்குச் செலவும் அதிகம்.

ஆகவே விலை பேசுமுன் சில விடயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். பார்ப்பவர் உள்ளே ஓரடி நடக்க முடியுமா? முடியாது என்றால் அது 360 பாகை வீடியோ. அந்த விலையையே கொடுங்கள். '4கே தரம்' என்றால் மயங்கிவிட வேண்டாம். அகலத்தில் உள்ள 3,840 புள்ளிகளும் முழு வட்டத்துக்கும் பங்கிடப்படுவதால், கால்வட்டத்தைப் பார்ப்பவரின் கண்ணுக்கு அகலத்தில் 960 புள்ளிகளே கிடைக்கும். எடுத்த மூலப் பதிவு யாருக்குச் சொந்தம் என்பதையும் கேளுங்கள். பதில்களை எழுத்தில் வாங்கிக்கொண்ட பின்னரே முற்பணத்தைக் கொடுங்கள்.