ஆஸ்பத்திரி கிருமியும் "சுகர் இருக்குல்ல சார்" சால்ஜாப்பும்

பெரியம்மாவுக்கு ஆபரேஷன்னு போன பதிவுல சொன்னதுக்கு விசாரிச்ச எல்லாருக்கும் நன்றி. வீட்டுக்கு வந்துட்டாங்க. ஆனா ஆறு நாள்ல வர வேண்டியவங்க 33 நாள் கழிச்சு வந்தாங்க. தையல் போட்ட இடத்துல சீழ். அதே வார்டுல, அதே வாரம் ஆபரேஷன் ஆன இன்னும் ரெண்டு பேருக்கும் சீழ்.

கேட்டேன். "அம்மாவுக்கு சுகர் இருக்குல்ல சார், அதான்." பக்கத்து பெட் பெரியவருக்கு சுகர் இல்லையே? "அவருக்கு வயசாயிடுச்சுல்ல." மூணாவது பெட் பையனுக்கு இருபத்தி நாலு வயசுதான். "வெளிச் சாப்பாடு சாப்பிட்டிருப்பான் சார்."

நாலாம் நாள் அந்த வார்டு ஆயாம்மாவைக் காணோம். சுத்தம் பத்தலைன்னு நிறுத்திட்டாங்களாம். அதோட விசாரணை முடிஞ்சது. (ஆஸ்பத்திரி பேரைக் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். இது ஒரு ஆஸ்பத்திரியோட வியாதி இல்ல.)

நான் பொட்டி தட்டுறவன். மூணு சர்வர்ல ஒரே எர்ரர் வந்து, "மூணுக்கும் மூணு காரணம், தற்செயல்"னு மேனேஜர்கிட்ட சொன்னா சீட்டைக் கிழிச்சுடுவார். "மருத்துவமும் கோடிங்கும் ஒண்ணாடா?"ன்னு டாக்டர் நண்பர் ஒருத்தர் எகிறினார். ஒண்ணு இல்லதான். மூணு சீழும் நிஜமாவே தற்செயலா இருக்கலாம். ஆனா அது விசாரிச்சு முடிச்சப்புறம் சொல்ல வேண்டிய பதில். விசாரிக்காம இருக்கறதுக்கான காரணம் இல்ல.

விசாரிக்கிறதுன்னா என்னன்னு பார்க்க, அமெரிக்க அரசோட என்.ஐ.ஹெச் ஆஸ்பத்திரி கதை ஒண்ணு போதும். 2011 ஜூன்ல நியூயார்க்லேர்ந்து ஒரு நோயாளி வர்றாங்க. பெரும்பாலான ஆன்டிபயாட்டிக்குகளுக்கு மசியாத க்ளெப்சியெல்லா கிருமி அவங்க உடம்புல இருக்குன்னு தெரிஞ்சே, முதல் நாளிலிருந்தே தனிமைப்படுத்துறாங்க. ஜூலை நடுவுல டிஸ்சார்ஜ். அப்பாடான்னு இருக்கும்போது, ஆகஸ்ட் ஆரம்பத்துல இன்னொருத்தருக்கு அதே கிருமி. நடுவுல மூணு வாரம் இடைவெளி. தற்செயல்னு சொல்ல இதைவிட நல்ல சான்ஸ் கிடைக்குமா? பழைய கைரேகை மாதிரியான டெஸ்ட்டும் உதவல. அந்த வகைக் கிருமி அமெரிக்கா பூரா பரவியிருந்ததால எங்க எடுத்தாலும் ஒரே மாதிரி தெரியும்.

அவங்க கிருமியோட மொத்த மரபணுவையும் படிச்சாங்க. சுமார் 60 லட்சம் எழுத்து. நம்ம பாஷையில சொன்னா ரெண்டு ஃபைலை டிஃப் போட்டாங்க. ஒரு சில எழுத்துதான் வித்தியாசம்! முதல் நோயாளியிடமிருந்தே மூணு தடவை தனித்தனியா பரவியிருக்குன்னு அதுல தெரிஞ்சது. இன்னொண்ணும் தெரிஞ்சது, எனக்கு முதுகு சில்லிட்ட இடம் அதுதான். கிருமி கண்டுபிடிக்கப்பட்ட வரிசை வேற, பரவின வரிசை வேற. ஒருத்தர் குடல்ல நோய்க்குறி எதுவுமில்லாம சும்மா உக்காந்திருந்து, அங்கேர்ந்து அடுத்தவருக்குப் போயிருக்கு. சீழ் வெச்சவங்களை மட்டும் பார்த்தா இந்தச் சங்கிலி கண்ணுக்கே தெரியாது. கழுவித் துடைச்சு வெச்ச வென்டிலேட்டர்ல கிருமி, சிங்க் டிரெயின்ல கிருமி. மொத்தம் 18 பேர். 11 பேர் இறந்தாங்க, அதுல 6 சாவுக்கு இந்தக் கிருமியே காரணம்னு அவங்களே எழுதினாங்க.

எழுதினது 2012 ஆகஸ்ட்ல. அதுவரைக்கும் ஊருக்குச் சொல்லல. அதுக்காக வாங்கிக் கட்டிக்கிட்டாங்க, வாங்க வேண்டியதுதான். ஆனா எழுதினாங்களே.

சரி, ஆயாம்மா விஷயத்துக்கு வர்றேன். வாய் வழியா விட்டு பித்தநாளம் வரைக்கும் போற ஸ்கோப் ஒண்ணு இருக்கு. 2012-ல ராட்டர்டாம் எராஸ்மஸ் ஆஸ்பத்திரியில ஒலிம்பஸ் கம்பெனி ஸ்கோப்பால 22 பேருக்குக் கிருமி தொத்திச்சு. நம்மூரா இருந்தா அதைக் கழுவினவரை அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்போம். அங்க ஸ்கோப்பைப் பிரிச்சுப் பார்த்தாங்க. நுனியில இருக்கற குட்டி நெம்புகோல் பக்கம் பிரஷ் சரியாப் போகவே போகாது. டிசைன் கோளாறு! சியாட்டில்லயும் இதே வகை ஸ்கோப்பால தொற்று வந்து விசாரிச்சப்போ, கழுவினவங்க சொன்னபடிதான் கழுவியிருந்தாங்க. இந்த மாதிரித் தகவலையெல்லாம் அமெரிக்க அரசுக்கு ஒழுங்கா ரிப்போர்ட் பண்ணாததுக்காக 2018 டிசம்பர்ல ஒலிம்பஸ் குற்றத்தை ஒத்துக்கிட்டு எட்டரைக் கோடி டாலர் கட்டிச்சு.

அன்னிக்கே ஒருத்தரைப் பிடிச்சு வேலையை விட்டுத் தூக்கியிருந்தா அந்த நெம்புகோல் இன்னிக்கும் யாரோ ஒருத்தர் தொண்டைக்குள்ள போய்க்கிட்டிருக்கும்.

நம்மகிட்ட மரபணு மெஷின் எங்க இருக்குன்னு கேப்பீங்க. மூணு பேர் சீழையும் கல்ச்சருக்கு அனுப்பி, மூணு ரிசல்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்க மெஷின் வேணாம் சாமி. ஒரே கிருமியா, ஒரே மருந்துக்கு மசியுதா, ஒரே தியேட்டரா, ஒரே டிரெஸ்ஸிங் டிராலியா, எந்தத் தேதி? ஒரு எக்செல் ஷீட். நானே ஓசியில போட்டுத் தர்றேன். அதைத் திறக்கவே பயப்படறாங்க பாருங்க, அங்கதான் எனக்குக் கடுப்பு.

டிஸ்கி: பெரியம்மா டிஸ்சார்ஜ் சம்மரியில "காயம் ஆறியது"ன்னு ஒரே வரி. சீழ்ங்கற வார்த்தையே இல்ல. கல்ச்சர் ரிப்போர்ட் காப்பி கேட்டு எழுதிக் கொடுத்திருக்கேன். டாக்டர் பதிவர்கள் யாராவது, இதை யார்கிட்ட எப்படிக் கேட்டா கிடைக்கும்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. ஆயாம்மா நம்பரும் தேடிக்கிட்டிருக்கேன்.