90-ஐத் தாண்டினால் கார் அலைகிறதா? பார்ட்ஸ் மாற்றும் முன் இதைப் பாருங்க!

ஊருக்குள் 40-ல் ஓட்டும்போது சமத்துப் பிள்ளையாக இருக்கும் கார், நெடுஞ்சாலையில் ஏறி 90-ஐத் தொட்டதும் தன் இஷ்டத்துக்குப் போகும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருந்தாலும் கொஞ்சம் இடது பக்கம் ஒதுங்கும். திருத்தினால் வலது பக்கம் போகும். சென்னையில் கிளம்பி விழுப்புரம் தாண்டுவதற்குள் ஓட்டுபவருக்குத் தோள்பட்டை வலி வந்துவிடும்.

'பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்' என்று இதற்குப் பழகிப்போனவர்கள் நிறைய பேர். ஆனால், இது பழகிக்கொள்ளக் கூடிய விஷயம் இல்லை. ஒரு சின்னக் கணக்கு போட்டாலே புரியும். 100 கி.மீ வேகத்தில் கார் ஒரு விநாடிக்குச் சுமார் 28 மீட்டர் ஓடுகிறது. அந்த வேகத்தில் வண்டி வெறும் 1 டிகிரி திசை மாறினாலே, ஒரு விநாடியில் அரை மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். நெடுஞ்சாலையில் ஒரு லேனின் அகலம் 3.5 மீட்டர். சின்னக் காரின் அகலம் சுமார் 1.7 மீட்டர். சரியாக நடுவில் போனாலும் இரண்டு பக்கமும் 90 சென்டிமீட்டர்தான் மிச்சம். செல்போனை எட்டிப் பார்க்கும் 2 விநாடியில் கார் பக்கத்து லேனில் இருக்கும். அந்த லேனில் ஒரு லாரி வந்தால்?

இழுக்குதா, நடுங்குதா, அலையுதா?

மெக்கானிக்கிடம் போவதற்கு முன் பிரச்னை எது என்று பிரித்துப் பாருங்கள். எப்போதும் ஒரே பக்கமாகப் போனால் அது 'இழுப்பு'. 80 முதல் 100-க்குள் ஸ்டியரிங் கையில் நடுங்கினால், பெரும்பாலும் வீல் பேலன்சிங் கோளாறு. இரண்டு பக்கமும் மாறி மாறிப் போய், ஓயாமல் திருத்த வேண்டியிருந்தால்தான் அது 'அலைச்சல்'. "இழுக்கலை, நடுங்கலை, ரெண்டு பக்கமும் அலையுது" என்று தெளிவாகச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. 'வண்டி ஆடுது' என்று மட்டும் சொன்னால், பேலன்சிங் செய்து அனுப்பிவிடுவார்கள். காசு போகும், அலைச்சல் அப்படியே இருக்கும்.

முதல் வேலை... காத்து!

பைசா செலவில்லாத சோதனை இது. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால், கதவுத் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எத்தனை பேர், எவ்வளவு லக்கேஜ் என்றால் முன் பின் டயர்களுக்கு எவ்வளவு காற்று என்று அதில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அதிகபட்ச அளவு. அதைப் பார்த்துக் காற்று அடிக்கக் கூடாது.

டயர் சூடாவதற்கு முன், காலையில் பாருங்கள். பின் டயர்களில் காற்று குறைந்தால் காரின் பின்பக்கம் நெளியும். ஆனால், ஓட்டுபவருக்கு ஸ்டியரிங்கில்தான் ஏதோ கோளாறு என்று தோன்றும். டிக்கி நிறைய மூட்டை, கூரை மேல் கேரியர் என்று ஊருக்குப் போகும்போது மட்டும் அலைகிறதா? பின்பக்க எடை கூடி, முன் சக்கரங்களின் பிடி குறைந்திருக்கும். கேரியரில் காற்றும் மோதும்.

அடுத்தது டயர். பட்டன் ஆழம் சட்டப்படி 1.6 மி.மீட்டருக்குக் குறையக் கூடாது. டயர் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவுங்கள். மேடு பள்ளமாகவோ, ஒரு ஓரம் மட்டும் மழமழவென்றோ இருந்தால் அதுவே ஒரு துப்பு. முன் டயர்களைப் பின்னால் மாற்றி ஓட்டிப் பாருங்கள். அலைச்சல் குறைந்தாலோ, அதன் தன்மை மாறினாலோ டயர்தான் குற்றவாளி. அழகுக்காக அகலமான டயர் மாட்டிய கார்கள், லாரிகள் அழுத்திய தடத்தில் விழுந்து அதன் போக்கிலேயே போகும். இதற்கு ரிப்பேர் கிடையாது. கம்பெனி சொன்ன அளவுக்குத் திரும்புவதுதான் வழி.

வீட்டு வாசலிலேயே ஒரு சோதனை

காத்தும் டயரும் சரி என்றால், தேய்ந்த இணைப்புகளைத் தேட வேண்டும். காரைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, இன்ஜினை ஆன் செய்யுங்கள். ஒருவர் ஸ்டியரிங்கை இரண்டு விரல் அகலத்துக்கு இடம் வலமாக விடாமல் அசைக்கட்டும். இன்னொருவர் முன் சக்கரத்தின் பின்னாலிருந்து செல்போனில் வீடியோ எடுக்கட்டும். ஸ்டியரிங் அசைந்தும் சக்கரம் அசையத் தாமதமானால், நடுவில் ஏதோ ஒன்று தேய்ந்திருக்கிறது. அது டை ராட் எண்டாகவோ ரேக் எண்டாகவோ இருக்கலாம். அந்த வீடியோவை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கையை உள்ளே விடாதீர்கள். ஜாக்கி போட்ட காருக்கு அடியில் ஒருபோதும் போகாதீர்கள்.

மிச்சத்தை ஒர்க் ஷாப்பில் பார்ப்பார்கள். தூக்கிய சக்கரத்தை இடம் வலமாகப் பிடித்து ஆட்டினால், ஸ்டியரிங் இணைப்புகளின் ப்ளே தெரியும். மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால், பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங்கின் ப்ளே தெரியும். பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால், பேரிங் மேல் சந்தேகம். லோயர் ஆர்ம் புஷ்ஷில் ரப்பர் வெடித்திருக்கிறதா என்றும், பின் ஆக்ஸில் புஷ்ஷையும் பார்க்கச் சொல்லுங்கள். பின்பக்கத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

திரும்பிய பிறகு ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வரவில்லையா? ப்ளே கூடுவது மட்டுமல்ல, இறுக்கமும் அலைச்சல் தரும். ஸ்ட்ரட்டின் மேல் பேரிங் இறுகியிருக்கலாம். ப்ளேவைக் குறைக்கிறேன் என்று யாராவது ஸ்டியரிங் ரேக்கை அளவுக்கு மீறி டைட் செய்திருக்கலாம்.

அலைன்மென்ட் கடைசியில்தான்

பலரும் முதலில் செய்வது வீல் அலைன்மென்ட்தான். ஆனால், புஷ் தேய்ந்த வண்டியில் அலைன்மென்ட் செய்தால், அடுத்த பள்ளத்திலேயே அது கலைந்துவிடும். பார்ட்ஸ் மாற்றிய பிறகுதான் அலைன்மென்ட்.

'சரி பண்ணிட்டோம் சார்' என்பதோடு விடாதீர்கள். முன் அளவு, பின் அளவு இரண்டும் உள்ள பிரின்ட்டைக் கேட்டு வாங்குங்கள். அதில் இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, 'டோ'. முன் சக்கரங்கள் வாத்து நடைபோல வெளிப்பக்கம் பார்த்தால், கார் நேராகப் போக அடம்பிடிக்கும். இன்னொன்று, 'கேஸ்டர்'. சைக்கிளின் முன் ஃபோர்க் கொஞ்சம் சாய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கையை விட்டாலும் சைக்கிள் நேராகப் போக அந்தச் சாய்வும் ஒரு காரணம். காரில் அதே சாய்வுதான் கேஸ்டர். அது குறைந்தால், வேகத்தில் நேர்கோட்டுப் பிடி போய்விடும்.

பெரும்பாலான சின்னக் கார்களில் முன்பக்கம் டோவை மட்டுமே திருத்த முடியும். கேஸ்டரோ கேம்பரோ அளவு தவறியிருந்தால், ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கிறது என்று அர்த்தம். பெரிய பள்ளத்தில் இறங்கியிருக்கலாம். செகண்ட் ஹேண்ட் கார் என்றால், பழைய விபத்தாகவும் இருக்கலாம். எனவே, பழைய கார் வாங்கும்போது சில நூறு ரூபாய் செலவழித்து இந்த பிரின்ட்டை எடுத்துப் பார்ப்பது நல்ல முதலீடு.

வழியிலேயே அலைய ஆரம்பித்தால்?

பதறி பிரேக்கை அழுத்தாதீர்கள். ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பாதீர்கள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுங்கள். வேகம் குறைந்ததும் இண்டிகேட்டர் போட்டு, இடது பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். நேற்று வரை நன்றாக ஓடிய கார் திடீரென்று அலைந்தால், காற்று இறங்கியிருக்கலாம் அல்லது வீல் நட் லூஸாகியிருக்கலாம். சமீபத்தில் ஸ்டெப்னி மாற்றியிருந்தால் நட்டுகளை முதலில் பாருங்கள். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033-ஐ அழைக்கலாம்.

காத்து, டயர், இணைப்புகள், கடைசியில் அலைன்மென்ட். இந்த வரிசையை மாற்றாமல் போனால் வீண் செலவு மிச்சம். டை ராட் எண்டிலோ பால் ஜாயின்ட்டிலோ ஆட்டம் இருக்கிறது என்று மெக்கானிக் சொல்லிவிட்டால் மட்டும், 'ஊருக்குப் போயிட்டு வந்து பாத்துக்கலாம்' என்று தள்ளிப்போடாதீர்கள். அந்த ஒரு பயணத்துக்கு பஸ்ஸிலோ ரயிலிலோ போய்க்கொள்ளலாம்!